இன்னும் திறக்காத உலை

மேடையில் வீற்றிருக்கும் முதலாளி ஐயா அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வேலை உடுப்போடு வந்து நிற்கும் தோழர்களே, வணக்கம்! மெருகு போடுகிறவனுக்கு மேடைப்பேச்சு வராது. உளறினால் சிரித்துவிடுங்கள். உலைக்கார அண்ணன் உயிரோடு இருந்தால் அவர்தான் முதலில் சிரிப்பார்.

எப்பேர்ப்பட்ட மனிதர்! டைட்டானியக் கலவையை அவர் 'மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார். "எடை கம்மி, பலம் ஜாஸ்தி. ஆனா எதுல உரசினாலும் ஒட்டிக்கிட்டுத் தோலைக் கிழிச்சுக்கும்." அந்த மாப்பிள்ளையைக் கரித்தூளில் புதைத்து, உலையில் வைத்து, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பழுக்கக் காய்ச்சுவார். கரி மேல்தோலில் ஏறி இறுகிவிடும். வெளியே வந்தபின் அரம் போட்டாலும் வழுக்கும்! அப்படி ஒரு தோலை இனி யார் போர்த்துவார்?

சூடு அடங்குமுன் திறந்தால் காற்றுப் பட்டு அந்தத் தோல் செதில் செதிலாக உரிந்துவிடும். அதனால் கதவுக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் போய் நச்சரிப்பேன்.

"அண்ணே, முட்டையா அடைகாக்குறீங்க? தொறங்க, எனக்கு வேலை கிடக்கு."

"போடா அவசரக்குடுக்கை! உன் கல்யாணத்துல ஐயருக்கு முன்னாடியே மணையில வந்து உட்கார்ந்தவன்தானே நீ!"

அந்த வசவுக்குக் காது ஏங்குகிறது, தோழர்களே!

கடைசியாக அவர் ஏற்றிய, பம்புக்குள் சுழலும் அச்சுகள் இன்னும் உலைக்குள்தான் இருக்கின்றன. அன்று மாலை வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. உலை எப்போதோ குளிர்ந்துவிட்டது. வாடிக்கையாளர் தினமும் கேட்கிறார். முதலாளி திறக்கச் சொல்கிறார். நானோ சாக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஏன்? திறந்துவிட்டால் அண்ணன் செய்து முடிக்க வேண்டிய வேலை என்று எதுவும் மிச்சம் இருக்காதே! மூடிக் கிடக்கும்வரை, அவர் டீ குடிக்கத்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாமே!

இன்று காலை அண்ணியே பட்டறைக்கு வந்தார். கதவில் கை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல சூடு எங்க இருக்கு?"

"உள்ளுக்குள்ள இருக்கு அண்ணி."

"எனக்கும்தான் இருக்கு. அதுக்காக வீட்டுல அடுப்பு மூட்டாமலா இருக்கேன்? தொறங்க. அவரு பார்த்த வேலை ஓடட்டும்."

இன்றைக்கே திறக்கிறோம் அண்ணி என்று சொல்லிவிட்டேன்.

உலை வேந்தரே, எங்கள் அண்ணனே! நான் பேசி முடித்ததும் திறக்கிறோம். அச்சுகளைத் துடைத்து அனுப்புகிறோம். அடுத்த சரக்கை நாங்களே கரியில் புதைக்கிறோம். கெட்டுப்போனால் மறுபடியும் செய்வோம், நிறுத்தமாட்டோம். இது உறுதி!

அண்ணி, எழுந்து வாருங்கள். உலைக் கதவின் கைப்பிடி கொஞ்சம் இறுக்கம். சேர்ந்தே இழுப்போம்.