இடது பக்கத்து வயிறு

இருங்க, கையெழுத்துப் போட்டுடாதீங்க. அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்து இருக்கும், அதைப் படிச்சுட்டுப் போடுங்க. நான் அஞ்சாவதோட நின்னவ. இந்த ஜிம்மு மாஸ்டரே முன்பக்கத்தை வாசிச்சுக் காட்டுனாங்க. பின்னாடி ஒண்ணும் இல்லடி, சும்மா சட்ட சமாச்சாரம்னாங்க. நானும் தலையாட்டிட்டுப் போட்டுட்டேன்.

இல்லைங்க, ஜிம்முல வேலை பாக்கலை. உங்களை மாதிரி பயிற்சிக்குத்தான் வரேன், ஏழு மாசமா. யாருகிட்டயும் போய்ப் பேச வராது எனக்கு. இன்னைக்கு நீங்க பையில பேனா தேடுறதப் பாத்ததும் வாய் தானா தெறந்துடுச்சு.

எனக்கு ரெட்டைப் புள்ளைங்க. பெத்ததுல இருந்து இடுப்பு விட்டுப்போச்சு, ஒரு வாளித் தண்ணி தூக்குனா உசுரு போயி உசுரு வரும். மாஸ்டர்தான் தேத்துனாங்க. மேடம்னா கோவிச்சுக்குவாங்க, அக்கான்னுதான் கூப்பிடணும். மொத மாசம் வெறும் கம்பிதான், பதினஞ்சு கிலோ. தோள்ல வச்சு உக்காந்து எந்திரிக்கணும். காலு ரெண்டும் தந்தியடிக்கும். அவங்க பின்னாடியே ஒட்டி நின்னுக்கிட்டு, விழுந்தா நான் இருக்கேன், மூச்சை விடுடின்னுவாங்க. இப்ப நாப்பது கிலோ வைக்கிறேங்க. இடுப்புக்கு ஒண்ணா ரெண்டு புள்ளையையும் தூக்கிட்டு மூணு மாடி நிக்காம ஏறுறேன். கூடப் பொறந்தவகூட எனக்கு இவ்வளவு செஞ்சதில்ல.

அவங்களை நம்பித்தான் போட்டோ எடுக்கணும்னப்ப நின்னேன். ஆரம்பத்துல ஒண்ணு, ஆறு மாசத்துல ஒண்ணு, நம்ம ரெண்டு பேரு பாத்துக்கிறதுக்குத்தான்னாங்க. டாக்டர்கிட்ட வயித்தைக் காட்டவே கூசுறவ நான். சட்டையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னேன்.

ரெண்டாவது போட்டோவுல தோலு அப்படியே மடிஞ்சு தொங்குச்சு. ரெண்டு புள்ளை இருந்த எடமில்லையா, தோலு எங்க போகும். உள்ள தொட்டுப் பாத்தா கல்லு மாதிரி இருக்கு, அது போட்டோவுல தெரியலை. மாஸ்டர் மூஞ்சி சுருங்கிப்போச்சு. அடுத்த வாரமே வாசல்ல விளம்பர போர்டு ஏறிடுச்சு.

அதைப் பாத்துட்டுத்தான் சேர வந்தீங்களா? ம். இடது பக்கம் முன்புன்னு போட்டிருக்கும், வலது பக்கம் பின்புன்னு. வலது பக்கம் மாஸ்டரோட வயிறு. புள்ளை சுமக்காத வயிறு. இடது பக்கம் என்னுது.

நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாங்கன்னு சொல்வாங்கல்ல, போட்டோவுல என்னை நெசமாவே கழுத்தோட வெட்டிட்டாங்க. அழுதுக்கிட்டே போய்க் கேட்டேன். தலைதான் இல்லையே, யாருக்குத் தெரியப்போகுதுன்னாங்க. அப்புறம் தாளைத் திருப்பிக் காட்டுனாங்க, போட்டோவை விளம்பரத்துக்குப் போட்டுக்கலாம்னு நீதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கன்னு. அதுவரைக்கும் டி போட்டுக் கூப்பிட்டவங்களுக்கு, அன்னைக்கு நான் அம்மாவாயிட்டேன்.

வரேங்க, இன்னமும் வரேன். கம்பி என்ன பண்ணுச்சு பாவம். ஆனா இப்பல்லாம் அவங்களைப் பின்னாடி நிக்க விடுறதில்ல.

வீட்டுல தெரியுமான்னா கேக்குறீங்க? அதாங்க, மாஸ்டர் சொன்னது பொய்யில்ல. போன வாரம் சாப்பிடுறப்ப எங்க வீட்டுக்காரரு போனை நீட்டுறாரு. அந்த போர்டைத்தான் யாரோ போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காங்க, அவரு கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்களாம். என் ஆபரேஷன் தையலுக்குப் பத்து நாள் அவருதான் மருந்து தடவுனாரு. அந்தத் தழும்பு போட்டோவுல பளிச்சுன்னு தெரியுது. விரலை வச்சுப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்குறாரு. இவளக் கட்டுனவன் பாவம்டின்னாரு.

ஆமா, பாவந்தான்னேன்.