மதுரைக்குத் துணையாக வந்த மருத்துவர் நர்கீஸ் அவர்களுக்கு

பிணி தீர்க்கும் கைகளும் பிறர் துயர் கேட்கும் செவிகளும் பெற்றவரே! திண்டுக்கல் நகரின் தோல் வணிகக் குடும்பத்தில் பிறந்து, சுற்றுச் சமவெளியின் வெயிலையும் வேர்வையையும் தம் வாழ்வாக்கிக்கொண்டு, எங்கள் மருத்துவமனையின் தலைமை மருத்துவராக இன்று பணி நிறைவு பெறும் பெருமைக்குரிய டாக்டரம்மா அவர்களே, தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

எரியோட்டிலிருந்து காய்ச்சலோடு வந்த குழந்தைகளும், பழனிக்கு நடந்து பாதம் வெடித்த பக்தர்களும் தங்கள் கனிவை அறிவார்கள். அவற்றை எல்லாம் சொல்ல இந்த மாலை போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஆய்வகத்தில் எங்களோடு பணிபுரியும் கௌசல்யா, அவசியம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது அது.

அந்நாளில் அவரை நாங்கள் வேறொரு பெயரில் அறிந்திருந்தோம். அந்தப் பெயர் இங்கே வேண்டாம். செம்பட்டிப் பக்கம் பூ விவசாயம் செய்யும் மலைச்சாமியின் பிள்ளை; மதியச் சாப்பாட்டைத் தனியே உட்கார்ந்து உண்பவர். வீட்டில் அவருக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வெளியூர் மருத்துவர் ஒருவரிடம் மனம் திறந்து பேசியபோது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டாராம். அதன்பின் அவர் எந்த மருத்துவரையும் நம்பாமல், யாரோ சொன்ன ஹார்மோன் மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்கி வந்தார். ஒரு நாள் இடது கால் வீங்கிவிட்டது. வலி பொறுக்க முடியாமல், நோயாளிகள் கலைந்த பிறகு தங்கள் அறைக்குள் வந்து நின்றார்.

"மேடம், நான் பொம்பளப் பிள்ள. மதுரையில இதுக்குன்னு தனியாப் பாக்குறாங்களாம். அங்க ரெஃபர் பண்ணி ஒரு லெட்டர் தாங்க."

தாங்கள் முதலில் பார்த்தது அவருடைய காலைத்தான். "இம்புட்டு வீங்கிக் கெடக்கு, இதோடயா நின்னு வேலை பாத்த?" என்று கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: "இதுல எனக்கு அனுபவம் இல்லம்மா. யாருக்கு எழுதணும்னு விசாரிச்சுத்தான் எழுதணும். விசாரிக்கிறேன். அதுவரைக்கும் அந்த மாத்திரையத் தொடாத."

தம்மை ஒருவர் 'அம்மா' என்று விளித்தது அதுவே முதல் முறை என்று கௌசல்யா சொல்வார்.

அன்றே ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டு என்று கண்டு, வார்டில் சேர்த்து உயிர் காத்தீர்கள். அவர் படுத்திருந்த நாள்களில் தங்களுடன் படித்தவர்களை எல்லாம் தொலைபேசியில் அழைத்து, முதலில் மனநல மருத்துவரா, ஹார்மோன் மருத்துவரா என்று, தலைமை மருத்துவர் என்ற தயக்கம் சிறிதும் இன்றிக் கேட்டறிந்து, பரிந்துரைக் கடிதத்தை எழுதினீர்கள்.

செய்தி செம்பட்டிக்கு எட்டியது. மலைச்சாமி வந்தார். புறநோயாளிகள் நிறைந்த கூடத்தில், எல்லார் காதிலும் விழும்படி, "எம் மகன் மனசக் கெடுத்ததே நீங்கதான்" என்று சத்தமிட்டார். நாங்கள் பதறி எழுந்தோம். தாங்களோ நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினீர்கள்.

"உக்காருங்கண்ணே. யாரும் பாக்காம மாத்திரை தின்னதுல கால்ல ரத்தம் கட்டிருச்சு. நீங்க கோவப்படுறத நாளைக்கும் படலாம். வைத்தியத்த இன்னைக்கே பாக்கணும்."

அவர் உட்காரவில்லை, திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரம் தங்கள்மேல் மேலிடத்துக்குப் புகார் போனது. விளக்கம் கேட்டார்கள். ஓய்வை நெருங்கிய நேரத்தில் வீண் வம்பு எதற்கு என்று எங்களில் சிலர் தங்களைத் தடுத்தோம். நோயாளி உதவி கேட்டார், மருத்துவர் என்ற முறையில் உரிய இடத்துக்கு அனுப்புகிறேன் என்று இரண்டே வரியில் பதில் எழுதிவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு, கௌசல்யாவுடன் மதுரைப் பேருந்தில் ஏறினீர்கள். துணைக்கு வீட்டார் எவரும் வராத பிள்ளையைத் தனியே அனுப்பத் தங்களுக்கு மனம் வரவில்லை. அங்கே, "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டபோது, "கூட வேலை பாக்குறேன்" என்றீர்களாம். அவருடைய மேலதிகாரி என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மருத்துவம் முறையாகத் தொடங்கியது. புகார் நிலைக்கவில்லை. கால் குணமானது. இன்று கௌசல்யா அதே ஆய்வகத்தில், தம் பெயர் பொறித்த அடையாள அட்டையோடு, எங்கள் நடுவே உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறார். அவருடைய அம்மா ராமுத்தாய் கொடுத்தனுப்பும் வெஞ்சனத்துக்கு எங்களுக்குள் போட்டி.

மலைச்சாமி நீண்ட நாள் இந்தப் பக்கம் வரவில்லை. சென்ற மாதம் சர்க்கரை பார்க்க வரிசையில் நின்றார். ரத்தம் கொடுத்தாயிற்றா என்று தாங்கள் கேட்டதற்கு, கையிலிருந்த பஞ்சை அழுத்திக்கொண்டே, "ம்... கௌசல்யாதான் எடுத்துச்சு. வலிக்கவே இல்ல" என்றார். தாங்கள் தலை குனிந்து மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கினீர்கள். தங்கள் கண்கள் கலங்கியதை அருகில் நின்ற செவிலியர் ஐரின் பார்த்துவிட்டார்.

டாக்டரம்மா, தங்களுக்குப் பிறகு இப்படி ஒருவர் வந்து நின்றால் என்ன ஆகும் என்று போன வாரம் கவலைப்பட்டீர்கள். கவலை வேண்டாம். பேருந்தில் கூட வருவதற்கு இங்கே இப்போது பலர் இருக்கிறோம்.

நலம் பல சூழ, நல்லுறக்கம் வாய்க்க, பேரப்பிள்ளைகள் புடைசூழ, பல்லாண்டு தாங்கள் வாழ நெஞ்சார வேண்டுகிறோம். முழங்கால் வலிக்கு இனியாவது தைலத்தை விட்டுவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
தங்களுடன் வேலை பார்த்த
மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகத்தார், தூய்மைப் பணியாளர்கள்