வண்டியின் மூக்கருகே கட்டிய மஞ்சள் துணி

பெயர்: மாசாணியம்மாள். வயது: 16. தகப்பனார்: அப்புசாமி, தென்னை மரம் ஏறும் தொழில். சொந்த ஊர்: கிணத்துக்கடவுக்குக் கிழக்கே தோப்புச்சாளை. தற்சமயம் இருப்பது: கோயமுத்தூர், பீளமேடு, மில் முதலாளி திரு. கோவிந்தராஜுலு அவர்கள் வீடு. தொழில்: வீட்டு வேலை. படிப்பு: ஏழாம் வகுப்பு. நாள்: 1997ஆம் வருடம் மார்ச் மாதம் 20ஆம் தேதி.

நான் மேற்படி வீட்டில் இரண்டு வருடமாக வேலை செய்து வருகிறேன். இன்று காலை என் தாயார் மயிலாத்தாளுடன் இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகவே வந்தேன். எஸ்.ஐ. ஐயா விசாரித்தபோது நான் பதில் சொல்லவில்லை. "ஏம்மா, புள்ளைக்குப் பேச வராதா?" என்று ஐயா கேட்டார். "பேசுமுங்க. இன்னிக்குப் பேசமாட்டேன், எழுதித்தான் தருவேங்குதுங்க. எதுக்குன்னு எங்கிட்டயும் சொல்லலீங்க" என்று என் தாயார் சொன்னார். அதன் பிறகு பெண் காவலர் கீதா எனக்குத் தாளும் பேனாவும் கொடுத்தார். வாயால் சொல்லாத காரணம் கீழே உரிய இடத்தில் வரும்.

மெக்கானிக் பொங்கியண்ணன், ஆதர்ஷ் அண்ணனின் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று இன்ஜினுக்குள் காசு போட்டதாகப் புகார் கொடுக்கப்பட்டு, இங்கே அடைக்கப்பட்டிருக்கிறார். அந்தக் காசை அவர் போடவில்லை. அது உள்ளே போன விதம் எனக்குத் தெரியும்.

ஆதர்ஷ் அண்ணன் முதலாளி ஐயாவின் ஒரே மகன். சென்ற தை மாதம் ஜப்பானில் செய்த இரண்டு கதவு கார் ஒன்றை வாங்கி வந்தார். அதில் டர்போ என்று ஒரு பாகம் இருக்கிறது. உள்ளே ஒரு சிறிய சக்கரம் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுமாம். வண்டி வந்தபோதே வேகமாகத்தான் ஓடியது. அது போதாது, இன்னும் பவர் வேண்டும், ரோட்டில் போனால் எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று, பந்தயக் கார் வேலை தெரிந்த பொங்கியண்ணனை வரவழைத்தார். வீட்டின் பின்புற ஷெட்டில் வேலை நடந்தது. சைலன்சர் குழாயைப் பெரிதாக்கி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, பானெட்டில் ஓட்டை வெட்டி அதன் மேல் திறந்த வாயோடு ஒரு மூடி வைத்தார்கள். அதன் பிறகு பின்பக்கம் இறக்கை என்று ஒரு பலகையைப் பொருத்தினார்கள். முதலாளி ஐயா அதைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, துணி காயப் போடறதுக்கா?" என்று கேட்டார். "டாடி, வேகமாப் போறப்ப அது வண்டியத் தரையோட அமுக்குமுங்க டாடி" என்று ஆதர்ஷ் அண்ணன் சொன்னார். "அமுக்கோணுமுன்னா மில்லுல இருந்து நாலு பஞ்சு மூட்டை அனுப்பறேன், ஏத்திக்க" என்று சொல்லிவிட்டு ஐயா போய்விட்டார்.

ஷெட்டுக்குக் காப்பி கொண்டுபோவது என் வேலை. பொங்கியண்ணன் ஓயாமல் பேசுகிறவர். நான் குறுக்கே பேசாததால் என்னிடம் இன்னும் அதிகம் பேசுவார். ஒரு நாள் ஐயாவின் மனைவி கோமளா அம்மாவும் என்னோடு வந்திருந்தார். அப்போது பொங்கியண்ணன், காற்றை வடிகட்டும் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் பளபளப்பான அலுமினியப் புனல் ஒன்றை மாட்டினார். "இதுதானுங்கம்மா வண்டிக்கு மூக்கு. பெட்டி இருந்தா சளி புடிச்சவனாட்ட மூச்சு உடும். இப்பப் பாருங்க" என்று சொல்லி, இன்ஜினை ஓடவிட்டு, காலண்டர் தாள் ஒன்றைப் புனலுக்கு எதிரே நீட்டினார். தாள் அவர் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய்ப் புனல் வாயில் ஒட்டிக்கொண்டது. "உசுரே இங்கதானுங்க இருக்குது" என்றார். அம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். புனலுக்குக் கம்பி வலை போட வேண்டும், போடும் வரை வண்டி ரோட்டுக்குப் போகக் கூடாது என்றும் பொங்கியண்ணன் சொன்னார். ஆதர்ஷ் அண்ணனிடமும் அதைச் சொன்னார்.

அதன் பிறகு வண்டிக்குப் பூஜை போட்டார்கள். அம்மா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்பக்கம் கட்டினார். "இத்தனை ஸ்டைல் பண்ணி வெச்சா, காய்கறிக் கடையாட்டத் தொங்க உட்டுட்டீங்களேம்மா" என்று ஆதர்ஷ் அண்ணன் அதை அறுத்து எறிந்தார். நான் மிளகாயைக் கூட்டி அள்ளினேன். அன்று அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வலை வாங்க உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போன பொங்கியண்ணன் அன்று திரும்பி வரவில்லை. மதியம் அம்மா என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசு முடிந்து வைத்திருந்தார். மகனுக்கு ஒரு குறையும் வராமல் இருந்தால், அவனோடு திருப்பதி மலையை நடந்தே ஏறி, அந்தக் காசை உண்டியலில் போடுவதாக வேண்டுதல் என்றார்.

"அந்த மூக்குகிட்டக் கட்டிப்போடு கண்ணு. உசுரு இருக்கற எடத்துல சாமி இருக்கோணும். அங்கன்னா அவன் கண்ணுலயும் படாது" என்றார்.

"அது இழுக்குமுங்கம்மா" என்று நான் சொன்னேன்.

"சாமி காசைக் காத்து இழுக்குமா? உன்ற கைதான் சன்னமா இருக்குது, உள்ள போகும். நல்லா இறுக்கிக் கட்டு. ஒருத்தருகிட்டயும் சொல்லப்படாது. வெளிய சொன்னா வேண்டுதல் பலிக்காது" என்றார்.

நான் கையை உள்ளே விட்டு, புனலுக்கு நேர் மேலே இருந்த கம்பியில் அந்தத் துணியை மஞ்சள் கயிற்றால் கட்டினேன். என் தகப்பனார் இளநீர்க் குலையை மரத்திலிருந்து கயிற்றில் இறக்கும்போது போடுகிற முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க அது இறுகும். அவிழாது. துணி கிழியும் என்று நான் நினைக்கவில்லை.

ஞாயிறு காலை ஆதர்ஷ் அண்ணன் வண்டியை எடுத்தார். அந்நேரம் வந்த பொங்கியண்ணன் கேட்டில் மறித்து, "தம்பி, நாளைக்கு வலை வந்துருமுங்க" என்றார். "உங்க வலை வாரதுக்குள்ள நான் கெழவனாயிருவேன், நகருங்க" என்று சொல்லி ஆதர்ஷ் அண்ணன் ஓட்டிப்போனார். "வலை போடாம வண்டி எப்புடி ஓடுதுன்னு நானும் பாக்கறேன்" என்று பொங்கியண்ணன் சத்தம் போட்டார். வாட்ச்மேன் திருமலைசாமி இதில் பின்பாதியை மட்டும் போலீசில் சொல்லியிருக்கிறார். முன்பாதியையும் நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டு கேட்டேன்.

அதன் பிறகு பொள்ளாச்சி ரோட்டில் ஒரு லாரியை முந்தும்போது, வண்டியின் வேகம் திடீரென்று செத்துப்போய், எதிரே பஸ் வர, ஆதர்ஷ் அண்ணன் வண்டியை ஒடித்துப் புளிய மரத்தில் மோதினார் என்று சொன்னார்கள். இடுப்பெலும்பும் இரண்டு கால்களும் முறிந்துவிட்டன. நடப்பாரா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேறொரு மெக்கானிக் டர்போவைப் பிரித்தபோது, உடைந்த சக்கரத்தில் வளைந்த ஒரு ரூபாய்க் காசு சிக்கியிருந்தது. அதன் மேல் ஐயா புகார் கொடுத்தார். அன்று மாலையே பொங்கியண்ணனைப் பிடித்துப் போனார்கள்.

காசு கிடைத்த செய்தி ஆஸ்பத்திரிக்கு வந்ததும், அம்மா, துணைக்கு அங்கே இருந்த என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவன் எந்திரிச்சு நடக்கட்டும் கண்ணு. அப்பறம் நானே போயி எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். அதுவரைக்கும் அந்த வேண்டுதல் ஒண்ணுதான் எனக்கு இருக்குது. வாயத் தொறந்துராத" என்றார். "என்ற வாயால சொல்லமாட்டேனுங்கம்மா" என்று நான் சொன்னேன்.

நேற்று பொங்கியண்ணனின் மனைவி சென்னியம்மாள் முதலாளி வீட்டு கேட்டுக்கு வந்தார். ஐயா பார்க்கவில்லை. "அந்த மனுசன் கையில இனி ஸ்பேனர் புடிக்க முடியுமான்னு தெரீலீங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலை நான் இங்கே பொங்கியண்ணனைக் கம்பிக்குள் பார்த்தேன். டம்ளரை விரல்களால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் குடித்தார். என்னைப் பார்த்து, "என்ன கண்ணு, காப்பி கொண்டாரலியா?" என்று கேட்டார்.

வண்டி இந்த நிலையத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. புனலுக்கு மேலே உள்ள கம்பியில், துணி கிழிந்து போயிருந்தாலும் நான் போட்ட முடிச்சு இருக்கும். பெண் காவலர் கீதா கொடுத்த சணலில் அதே முடிச்சைப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொங்கியண்ணனுக்கு அந்த முடிச்சு தெரியாது. ஷெட்டில் கழற்றிய சாமான்களை மூட்டை கட்ட அவர் எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்.

என்னுடைய துணிப்பையை எடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்.

இதில் இருப்பது நான் பார்த்ததும், கேட்டதும், என் கையால் செய்ததும், கேள்விப்பட்டதாக நான் குறித்திருப்பதும்தான். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவது வழக்கம் என்று எஸ்.ஐ. ஐயா சொன்னார். அது வேண்டாம். நானே மனதுக்குள் படித்துப் பார்த்துக்கொண்டேன், சரியாக இருக்கிறது. ஆதர்ஷ் அண்ணன் எழுந்து நடக்கும் வரை இதை யாரும் வாய்விட்டுப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொங்கியண்ணனை வெளியே விடக் கண்ணால் படித்தால் போதும்.

(ஒப்பம்)
அ. மாசாணியம்மாள்