தலபாரம்

— ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லிங்க டாக்டரம்மா. தல பாரமா இருக்குதாம். கேப்பங்கூழு குடிச்சாக்கூட வயிறு உப்பிக்கினு போவுதாம்.

— நான் அம்மாவைத்தான் கேட்டேன், சவரிநாதன்.

— அவளுக்கு என்னாங்க சொல்லத் தெரியும்? கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ நோவ நான்தான் சொல்லிக்கினு வர்றேன். இந்தாம்மே, நாக்க நீட்டிக் காட்டு.

— நாக்கை யாரும் கேக்கலை. அம்மா, நீங்க சொல்லுங்க. இந்தத் தலபாரம் எப்பலேர்ந்து இருக்கு?

— அது வந்து டாக்டரம்மா...

— மூணு வாரம் இருக்கும். எழுதிக்குங்க.

— ஏங்க, செத்த சும்மா இருங்களேன்.

— நான் சும்மாதான் இருக்கேன். நீ வாயத் தொறந்து சொல்றதுக்குள்ள, வெளிய இருக்குற சனமெல்லாம் குந்திக்கினே தூங்கிடும். கரண்டு வேற இல்ல. பாவம், டாக்டரம்மாவே அட்டைய எடுத்து விசிறிக்கினு பாக்குறாங்க.

— கரண்டு போனது போனதுதான். இன்வெர்ட்டரும் கூவிக்கிட்டே இருக்கு. எனக்கே தலபாரமாத்தான் இருக்கு. வாராவாரம் வந்துடுறீங்கம்மா. பிரஷர் பாத்தேன், கண்ணு பாத்தேன், காது பாத்தேன். ஒண்ணும் பிடிபடலை.

— ஊசி போட்டாத்தான பிடிபடும்? ஒரு தடவகூட போடல நீங்க.

— எதுக்கு ஊசி?

— எதுக்கா? வேலய வுட்டுட்டு பஸ்ஸேறி திண்டிவனம் வந்து, ஊசி போடாம திரும்பிப் போனா, பாக்குறவன் என்னா நெனப்பான்? உங்கப்பாரு இந்தச் சேருல இருந்தப்ப, வாசப்படி மிதிச்சவனுக்கு ஊசி போடாம அனுப்பவே மாட்டாரு.

— அதான் இப்பவும் எல்லாரும் வந்து என் உயிரை எடுக்கறீங்க. சரி, அம்மாவைப் படுக்க வெச்சு வயித்தப் பாக்கணும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.

— நான் எதுக்குங்க வெளிய போவணும்? அவ புருசங்க நானு.

— தெரியும். போங்க.

— பேஜாருதான். இந்தாம்மே, ஒண்ணு உடாம சொல்லு. கூழு விசயத்த மறந்துடாத.

— போயிட்டாரு. ஏறிப் படுங்கம்மா.

— வேணாம் டாக்டரம்மா. எனக்கு வயிறும் நல்லாத்தான் இருக்குது. தலையும் நல்லாத்தான் இருக்குது.

— அப்ப இவ்வளவு நாளா வந்தது?

— பொய்தான். மாதா மன்னிக்கட்டும். அவர இங்க இட்டாரதுக்கு எனக்கு வேற வழி தெரியல. உங்களுக்குப் பாக்கணும், வாங்கன்னா வரமாட்டாரு. எனக்கு நோவுன்னா போட்டது போட்டபடி கெளம்பிடுவாரு. எப்பிடியாவது உங்ககிட்ட தனியா சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வர்றேன். அவரு பக்கத்துலயே நின்னுக்கினு, எனக்கும் சேத்து அவரே பேசிடுறாரு.

— அவருக்கு என்ன?

— மறந்து போறாரு டாக்டரம்மா. சாவிய எங்க வெச்சேன், செருப்ப எங்க உட்டேன்னு எல்லாரும்தான் தேடுறோம். இது அது இல்ல. சாப்ட்டு கை கழுவிட்டு வந்து, ஏன் இன்னும் சோறு போடலன்னு கேக்குறாரு. இப்பதான சாப்ட்டீங்கன்னா, பொய் சொல்றேன்னு சண்டைக்கு வர்றாரு. மறுபடியும் போட்டா, ரெண்டு வாய் அள்ளிட்டு, என்னாத்துக்கு இம்மாம் சோறு போட்டன்னு அதுக்கும் திட்டுறாரு. அதெல்லாம் நான் பொறுத்துக்குவேன். ஆனா அவரு கான்வென்ட்டு வேன் ஓட்டுறாரு.

— இன்னுமா ஓட்டுறாரு?

— ஆமா. போன வாரம் புள்ளைங்கள ஏத்திக்கினு ஒலக்கூரு பக்கம் போவ வேண்டியவரு, மயிலம் ரோட்டுல போயிட்டாரு. தாத்தா இது நம்ம ரோடு இல்லன்னு புள்ளைங்க கத்துதுங்களாம். வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கி நின்னுட்டாராம். எந்தப் பக்கம் போவணும்னே தெரியலியாம். பக்கத்து வூட்டு ஜெர்லினு அந்த வேன்லதான் போவுது, அதுதான் வந்து சொல்லுச்சு. அன்னிலேர்ந்து காலையில வேன் ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டா, அவரு திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கிறேன். வண்டி நெறைய புள்ளைங்க டாக்டரம்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, அந்தப் பெத்தவங்க மூஞ்சில எப்பிடி முழிப்போம்?

— அவர்கிட்ட எடுத்துச் சொல்லிப் பாத்தீங்களா?

— உனக்குத்தான் மூள கொழம்பிப் போச்சுன்றாரு. நானே போயி கான்வென்ட்டு மதர்கிட்ட சொல்லிடலாம். ஆனா எல்லாரு எதுருலயும் வண்டிய புடுங்கிக்கினாங்கன்னா மனுசன் உட்டேத்தியா உக்காந்துடுவாரு. வாலிபத்துலேர்ந்து ஸ்டியரிங்கு புடிச்ச ஆளு. திருவெண்ணெய்நல்லூருலேர்ந்து கரும்பு லோடு அடிச்சிக்கினு இருந்தவரு. நீங்க சொன்னா கேப்பாரு. எனக்கு ஓஞ்சி போச்சு டாக்டரம்மா. பொய் சொல்லிச் சொல்லி, இப்ப நெசமாவே தல வலிக்குது.

— சரி, கண்ணத் தொடைங்க. கூப்பிடுறேன். சவரிநாதன்! உள்ள வாங்க.

— என்னாங்க, பெரிய நோவா? ஏன் அவ கண்ணு செவந்திருக்குது? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க, அவளுக்கு வேணாம். அவ தாங்க மாட்டா.

— அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. வந்தது வந்தீங்க, உங்களையும் ஒரு தடவை பாத்துடுறேன். உக்காருங்க.

— எனக்கு என்னா கேடு? கல்லாட்டம் இருக்கேன்.

— மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?

— சோறுதான்.

— என்ன கொழம்பு?

— எப்பவும் வெக்கிற கொழம்புதான். இந்தாம்மே, என்னா கொழம்பு வெச்ச, சொல்லு.

— அவங்க சொல்ல வேண்டாம். இது என்ன மாசம்?

— மாதா திருநாளு முடிஞ்சி கொடி எறக்குன மாசம்.

— அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகப்போகுது.

— என்னாங்க இது, இஸ்கூல் புள்ளைய நிக்க வெச்சு கேக்குறாப்புல கேக்குறீங்க? நீ என்னாம்மே ஓதி வெச்ச இவங்ககிட்ட?

— ஒலக்கூருக்குப் போவ வேண்டிய வண்டி மயிலம் ரோட்டுல போச்சே, அதச் சொன்னேன்.

— அன்னிக்கு ரோட்டுல பள்ளம் நோண்டிப் போட்டிருந்தான். சுத்திக்கினு போனேன். புள்ளைங்க பசியில அழுவுதுங்களேன்னு வறுத்த மல்லாட்ட பொட்டலம் வாங்கிக் குடுத்து, அதது வூட்டுல பத்திரமா எறக்கி உட்டேன். எந்தப் புள்ளைக்காவது ஒரு கீறலு உண்டா? கேட்டுப் பாரு.

— கீறலு உழுந்தப்பறம் கேட்டு என்னாங்க ஆவப்போவுது?

— அப்ப உனக்கு நோவே கெடையாது. எம்மேல பிராது குடுக்கத்தான் வாராவாரம் தலயப் புடிச்சிக்கினு குந்தினு இருந்த.

— ஆமாங்க.

— நான் எவ்வளவு பயந்து போனேன்னு தெரியுமாடி உனக்கு?

— தெரியும்.

— தெரிஞ்சேவா செஞ்ச?

— வேற என்னா செய்ய சொல்றீங்க? நான் நல்லா இருக்கேன்னா நீங்க வாசல தாண்டி வர மாட்டீங்களே.

— கத்தாதீங்க ரெண்டு பேரும். வெளிய ஆளுங்க இருக்காங்க. அம்மா, சிஸ்டர் அன்புச்செல்விகிட்ட போய் சுகர் பாக்க ரத்தம் குடுத்துட்டு வாங்க. எப்படியும் பாத்து நாளாச்சு. நான் இவர்கிட்ட பேசுறேன்.

— போறேன் டாக்டரம்மா. ஏங்க, அவங்ககிட்ட கோவமா பேசாதீங்க.

— போ, போ.

— இப்ப சொல்லுங்க. அவங்க சொன்னது நெசமா, இல்லையா? நானும் காலையிலேர்ந்து இந்த நாற்காலியிலதான் இருக்கேன், சவரிநாதன். உங்களோட வாதாட எனக்குத் தெம்பு இல்ல. ரத்தம் பாக்கலாம், பாண்டிக்கு எழுதித் தர்றேன், ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். சில மறதி மருந்துல சரியாகும், சிலது ஆகாது. எதுவா இருந்தாலும் புள்ளைங்க வண்டிய இனிமே நீங்க தொடக் கூடாது.

— உட்டுடறேங்க.

— என்ன, இவ்வளவு ஜல்தியா ஒத்துக்கறீங்க?

— அவ எதுருல ஒத்துக்க வாய் வரல. அன்னிக்குப் பள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லா ரோடும் ஒரே மாதிரி இருந்துச்சு. எம்மா காலமா ஓட்டுன ரோடு. மல்லாட்ட விக்கிற பொம்பளகிட்ட, இது எந்த ஊரும்மான்னு கேட்டேன். காலையிலயே மதர்கிட்ட போயி, கண்ணு மங்கிப் போச்சுன்னு சொல்லிட்டு நின்னுக்கறேன்.

— நல்லது. அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. இன்னிக்காவது நிம்மதியா தூங்கட்டும்.

— வண்டிய உட்டத சொல்லிடுவேன். இன்னொண்ணு இருக்குது. அதத்தான் அவகிட்ட சொல்ல முடியாது.

— எங்கிட்ட சொல்லுங்க.

— அவளுக்கு நெசமாவே நோவுன்னு நம்பிக்கினு ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனேன். அவ சுகமாவணும்னு ஒரு பூச வெக்கச் சொல்லிக் கேக்கலாம்னு. சாமியாரு புதுசா வந்தவரு, எங்களத் தெரியாது. யாருக்காக வெக்கணும்னாரு. என் சம்சாரத்துக்கு சாமின்னேன். எழுதிக்கறேன், சொல்லுங்கன்னாரு. அப்பறமா வர்றேன் சாமின்னு திரும்பிட்டேன்.

— ஏன் திரும்பினீங்க?

— எங்க பக்கம் எவங்க பொண்டாட்டிய பேரு சொல்லிக் கூப்புடுறான்? இந்தாம்மேன்னா திரும்பிப் பாக்குறா. அதனாலதான் இதுவரைக்கும் அவகிட்ட மாட்டிக்காம இருக்கேன். நீங்க இத்தினி காலமா அவளுக்கு வைத்தியம் பாக்குறீங்க. அவ உள்ள வர்றதுக்குள்ள சொல்லுங்க டாக்டரம்மா, அவ பேரு என்னா?