சத்தம் வரவில்லை என்று சொன்ன பெரியவர்

என் பெயரும் விலாசமும் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தொன்று. கணவரோடும் மாமியாரோடும் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, இசைக்கருவிகள் விற்கும் கடையில் விற்பனையாளராக வேலை செய்து வருகிறேன். இன்று காலை எங்கள் கடைக்கு வந்துவிட்டு, அதன்பின் வீடு திரும்பாத பெரியவரைக் கடைசியாகப் பார்த்தவள் நான் என்பதால் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து விசாரிக்கிறார்கள். அவருடைய மகள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்று காலை நான் கடையைத் திறந்தபோது ஆற்றுப் பக்கமிருந்து வந்த பனி கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. எங்கள் கடையில் முழு அமைதி என்று ஒன்று கிடையாது. தெருவில் லாரி போனால் சுவரில் தொங்கும் கிடார்கள் தாமாகவே முனகும், யாராவது தும்மினால் வயலின்கள் பதில் சொல்லும். தனியாக இருக்கும் நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டே தூசி தட்டுவது எனக்குப் பிடிக்கும், பாதித் தூக்கத்தில் இருப்பது மாதிரி இருக்கும். அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது பனிக்குள்ளிருந்து மேற்படி பெரியவர் வந்தார். சட்டைப் பொத்தான் அத்தனையும் ஒழுங்காகப் போட்டு மஃப்ளர் சுற்றியிருந்தார். போன வாரம் எங்களிடம் வாங்கிய மவுத் ஆர்கனை மேசைமேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார். "இதுல சத்தமே வரல" என்றார்.

எங்கள் தொழிலில் சத்தம் வரவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான். உள்ளே இருக்கும் தகடு தூசியில் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். வாய் வைத்து ஊதிப் பார்க்கக்கூடாது என்பதால் அதற்கென்று வைத்திருக்கும் சின்னத் துருத்தியில் பொருத்தி அழுத்திக் காட்டினேன். எல்லாச் சுரமும் சுத்தமாக வந்தது. "வெறுங்காத்த ஊதிக் காட்டுற, என்னைப் பாத்தா பைத்தியக்காரன் மாதிரி இருக்கா?" என்று கத்தினார். அதன்பின் வேறொரு மவுத் ஆர்கன் எடுத்துக் காட்டினேன், அதன்பின் புல்லாங்குழல், அதன்பின் வயலின், எதிலும் சத்தம் வரவில்லை என்றார். அதன்பின் என்னையும் கடையையும் முதலாளியையும் பற்றி வரிசையாகச் சொன்னார். மகள் எதிரில் இருப்பதால் அதில் இரண்டு வார்த்தையை விட்டுவிடுகிறேன். அவை இல்லாமலும் விசாரணைக்குக் குறை வராது.

எனக்குக் கோபமே வராது என்று கடையில் சொல்வார்கள். நன்றாகவே வரும். ஆனால் கத்துகிறவர் முன்னால் நான் ஒரு வித்தை வைத்திருக்கிறேன். வார்த்தைகளை விட்டுவிட்டு, குரல் எந்தச் சுருதியில் ஏறுகிறது, சுவரில் எந்தத் தந்தி அதற்கு முனகுகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். வாய் தன்பாட்டுக்கு "ஆமாங்கய்யா, சரிங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருக்கும். முதலாளிக்கு இதில் ரொம்பப் பெருமை. வீட்டில் மாமியாரிடமும் இதே வித்தைதான், ஆனால் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

பெரியவர் குரலுக்கு முனகியது மூலையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின். கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்தவரின் முழங்கை அதில் பட்டது. சட்டென்று நிறுத்திவிட்டார். உள்ளங்கையை அதன்மேல் வைத்தார், அதன்பின் கன்னத்தை வைத்தார். நான் போய் ஆகத் தடித்த தந்தியை மெதுவாக இழுத்து விட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சத்தம் அடங்கும்வரை நாங்கள் இருவரும் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல நின்றோம். எனக்கு அந்த நேரம் மிகவும் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அதன்பின் அவர், தான் முன்பு அக்கரைப் படகை ஓட்டியதாகவும், அதன் சங்கு இதே மாதிரிதான் ஊதும் என்றும் சொன்னார். "இப்ப ஊதுறதே இல்ல. நிறுத்திட்டானுங்க, இல்ல?" என்றார். என் காது இன்னும் தந்தியிலேயே இருந்தது. வாய் "ஆமாங்கய்யா" என்றது, தலையும் கூடவே ஆடியது.

"அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, மவுத் ஆர்கனை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். நான் மேசையைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் அக்கரைப் படகின் சங்கு ஊதியது. தினமும் ஊதுகிற சங்கு, தெருவில் எல்லோருக்கும் கேட்கிற சங்கு. மூலையில் பெரிய வயலின் அதற்கு முனகியது. அப்போதுதான் எதற்கு ஆமாம் போட்டேன் என்று உறைத்தது. சத்தம் வராதது மவுத் ஆர்கனில் இல்லை, அவர் காதில். தெருவுக்கு ஓடிப் பார்த்தேன், பனி மட்டும்தான் இருந்தது.

இதை நான் சொன்னபோது மகள் இடையில் பேசினார். "கூப்பிட்டாத் திரும்பவே மாட்டாரு. எது சொன்னாலும் கத்துவாரு. திமிருன்னு நெனச்சோம். நாங்களும் பேசறதக் கொறச்சுக்கிட்டோம்" என்றார். அதன்பின் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

எங்கே போயிருப்பார் என்று அதிகாரி கேட்டார். படகுத்துறைக்கு என்றேன். ஒன்று, அங்கே இருப்பவர்களோடு சண்டை போடப் போயிருப்பார். இன்னொன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எல்லோரும் புறப்பட்டோம்.

படகுத்துறையிலிருந்து திரும்பி வந்தபின் தொடர்ந்து சொல்வது. காலையில் ஒருமுறை வந்துபோனபின் பனி காரணமாகப் படகை அக்கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்களாம். ஆகவே பெரியவர் போய்ச் சேர்ந்தபின் அங்கே சங்கு ஊதவே இல்லை. அவர் மரப்பாலத்தின் கடைசிப் பலகையில், தண்ணீருக்கு மேலே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். மகள் "அப்பா" என்று கூப்பிட்டார். பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டார். திரும்பவில்லை. மகள் பாதியில் அப்படியே நின்றுவிட்டார், அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காவலர் ஒருவர் ஓடப் பார்த்தார். திடுக்கிட்டால் பெரியவர் விழுந்துவிடுவார் என்று நான் காவலரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன், அதற்கு மன்னிக்கவும்.

அதன்பின் பனிக்குள்ளிருந்து படகு சங்கு ஊதிக்கொண்டு வந்தது. எங்கள் காலடியில் பலகைகள் எல்லாம் அதிர்ந்தன. பெரியவரின் முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையையும் பலகைமேல் விரித்து வைத்தார். மகள் அந்த அதிர்வின்மேல் மெதுவாக நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைமேல் தன் கையை வைத்தார். பெரியவர் முதலில் மகளைப் பார்த்தார், அதன்பின் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

"பொய் சொல்லிட்டியேம்மா, ஊதுறானே!" என்றார். துறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். யாரும் அவரை மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.

கடையில் அவரிடம் சொன்ன அந்த ஒரு "ஆமாங்கய்யா" தவிர, மேலே நான் சொன்னது எல்லாம் உண்மை. இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். சரியாக இருக்கிறது.

(கையொப்பம்)