ஈரச் சணல்

சணல் நாருக்குத் தண்ணீர் என்றால் உயிர், சார். சும்மா வைத்திருந்தாலே காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால்தான் பிளாஸ்டிக்கோடு கலந்து பலகையாக்குவதற்கு முன் ஓவனில் காயவைக்கிறோம். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு நான். ஈரம் இருந்தால் இரண்டும் ஒட்டாது, பலகை பிஸ்கட் மாதிரி உடையும்.

கார் கதவின் உட்பலகைக்குக் கண்ணாடி இழையை விட்டுவிட்டுச் சணல் போடலாம் என்று கணக்குப் போட்டவள் என் மனைவி. இதே ஆலையின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தாள். எவ்வளவு எடை குறையும் என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் படம் போட்டுக் காட்டுவாள். சோதனையில் தேறினால் அவளைக் கடல் கடந்த தலைமை ஆலைக்கு அனுப்புவதாக இருந்தார்கள்.

"நீங்களும் வந்துடுங்க. அங்க உங்களுக்கு வேலையா கிடைக்காது?"

கூப்பிடத்தான் செய்தாள், மறைக்கவில்லை. ஆனால் அங்கே நான் அவள் பின்னால் வந்த ஆள்.

முதல் சோதனைக்கு முன்னால், காய்ந்த நாரின் மேல் பூச்செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரேயரால் கொஞ்சம் அடித்தேன். பலகை உடைந்தது. அன்று என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாய்ந்ததில்லை. "போனா போகுது, விடும்மா. நான் இருக்கேன்ல" என்றேன்.

அப்புறம் ஒவ்வொரு சோதனைக்கும் அடித்தேன். உடைந்த பலகைக்குள், விசாரணைக்கு வந்த நீங்கள் பார்த்த ஆவிக் குமிழ்களை அவளும் பார்த்தாள். சூடு அதிகம் என்று நினைத்துக் குறைத்தாள். நாரின் நீளத்தை மாற்றினாள், பிளாஸ்டிக்கை மாற்றினாள். நாரைச் சோதிக்கலாமா என்று உதவியாளர் கேட்டதற்கு, "அவர் காயவெச்சது, அதுல குறை இருக்காது" என்றாளாம்.

திட்டத்தை மூடினார்கள். வேலையை விட்டுவிட்டாள். இப்போது தேநீருக்குச் சர்க்கரை எடுத்தால் அந்தக் கரண்டியோடு என்னிடம் வருகிறாள்.

"இது சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரும், அடக்கிக்கொள்வேன்.

தண்ணீர் அடித்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், ஜெயில் என்றாலும் சரி. ஆனால் அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்கிறீர்களே, அது மட்டும் முடியாது. அவள் தாங்க மாட்டாள். இன்றுவரை அவள் மனம் நோகும்படி நான் ஒன்றும் செய்ததில்லை.