போஸ்ட் வந்துடுமாம்

அலோ... அலோ... ஏங்க, கேக்குதா?... அங்க என்ன அவ்வளவு இரைச்சல்? கடையில மரம் செதுக்குற மிஷின ஓட்டிக் காட்டுறாங்களா?... கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க... முடியாதா? சரி, கத்தியே பேசுங்க.

பாத்தாச்சா?... பெருசா இருக்கா? பெருசு வாங்கத்தான போனீங்க, அதுல என்ன அதிசயம்?... ஆமா... ஆமா... நீல விளக்கு எரியுதா? மரம் அறுக்கப் போறோமா, வெளிச்சத்துல உக்காந்து வேடிக்கை பாக்கப் போறோமா?... கடைக்காரர் பூ செதுக்கிக் காட்டினாரா? அவரோட சாஃப்ட்வேர், அவர் வரைஞ்ச பூ. செதுக்காம என்ன செய்யும்?

நான் கேக்கச் சொன்னதக் கேட்டீங்களா?... எதுவா? நல்லா இருக்கு போங்க! இந்தப் பட்டறைக்கு இத்தனை வருஷமா நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வெச்சிருக்கேனே, கதவு, கட்டில், அலமாரின்னு... அது அந்த மிஷினுக்குப் புரியுமான்னு கேக்கச் சொன்னேன். புரியலன்னா அத்தனையும் குப்பைங்க. நான் மறுபடி ஆனா ஆவன்னாலேர்ந்து ஆரம்பிக்கணும்.

ம்... போஸ்ட் இருந்தா போதும்னாரா? சரியாத்தான் சொல்லியிருக்கார். இருக்காமா?... வந்துடுமாமா?... எங்க வந்துடும்?... என்னது, அட்ரஸ் குடுத்தீங்களா?... வீட்டு அட்ரஸா?

ஐயோ, என் தலையெழுத்தே! போஸ்ட்னா தபால் இல்லீங்க. என் சாஃப்ட்வேர் சொல்றத மிஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்குற ஃபைல்... ஆமா... ஆமா, ஃபைலு... அட, அட்டை வெச்ச ஃபைல் இல்ல! கம்ப்யூட்டர் ஃபைல்... பக்கத்துல யாரு சிரிக்கிறது, கடைக்காரரா? சிரிக்கட்டும். நான் இங்க அழுதுட்டிருக்கேன்.

சரி, அகலம் எவ்வளவு?... அஞ்சடிக்குப் பத்தடியா? அது பலகை வைக்கிற மேடைங்க! மிஷினோட வெளி அளவு என்ன? பக்கத்துல இருக்குறவர்கிட்டயே கேளுங்க... ம்... ஏழரை அடியா? ஏழரைதான், சந்தேகமே இல்ல. நம்ம பட்டறை வாசல் ஆறடிங்க! ஊருக்கெல்லாம் கதவு செஞ்சு மாட்டுற மனுஷன், சொந்தக் கதவ ஒரு தடவ அளந்து பாக்கத் தோணலியா?... சாய்ச்சு உள்ள விடலாமா? அதென்ன பாயா, சுருட்டி எடுத்துட்டு வர?

சரி விடுங்க. ஒண்ணும் கெட்டுப் போகல. எதுலயும் கையெழுத்துப் போடாம கெளம்பி வாங்க. நானும் வந்து பாக்குறேன், அப்புறம் முடிவு பண்ணலாம்... அலோ... ஏன் இழுக்குறீங்க?... அதென்ன ஹார்ன்?

இருங்க... இருங்க. அதே ஹார்ன் இங்க ஜன்னல் பக்கமும் கேக்குது.

...

ஏங்க... நம்ம வாசல்ல மிஷின ஏத்திக்கிட்டு ஒரு லாரி நிக்குது. முன்சீட்டுல காதுல போன வெச்சுக்கிட்டு ஒருத்தர் பேந்தப் பேந்த முழிக்கிறார். அப்போ சிரிச்சது டிரைவரா? ஏழரைன்னு சொன்னதும் அவர்தானா?

...

செவுத்த இடிக்கணுமாமா?... எந்தச் செவுத்த?... என் ரூம் செவுத்தயா?... பட்டறைய ஒட்டி நான் உக்காந்து வரையற ரூமையா?

நல்லாக் கேட்டுக்குங்க. என் படத்த அந்த மிஷின் படிக்குதுன்னு நான் என் கண்ணால பாக்குற வரைக்கும், இங்க ஒரு செங்கலத் தொட விட மாட்டேன். அதுவரைக்கும் அந்த நீல விளக்குத் தெருவுலயே எரியட்டும்... ம்... ம்... ஒண்ணும் பேசாதீங்க. போன வைங்க... வைங்கன்னா வைங்க! கூப்பிடு தூரத்துல இருக்குற ஆள போன்ல எதுக்குத் திட்டணும்? இறங்கி வாங்க!